கட்டியில்லாத மாவு

மழைக்காலத்தில் உப்புச் சாடியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்கும், ஐயா. சமையல் சோடாவும் அப்படித்தான். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கட்டிதட்டிப் போகும். அதனால் எங்கள் ஆலையில் மூட்டை பிடிக்கும் முன் சோடா மாவைப் பெரிய இரும்புத் தொட்டியில் ஆறப்போட்டு, உள்ளே கரியமில வாயுவை விடுவோம். அந்த வாயுவில் மாவு உதிரியாக நிற்கும். மனிதன் நிற்க மாட்டான்.

ஆகவே எங்களிடம் ஒரு வழக்கம். தொட்டிக்குள் இறங்குகிறவன் வாயுவை அடைத்து, மூடியைத் திறந்து காற்றாட விட்டு, தன் சட்டையை வாயுக் குழாயின் திருகுச் சக்கரத்தில் மாட்டிவிட்டு இறங்குவான். சட்டை தொங்கும்வரை யாரும் சக்கரத்தைத் தொடக் கூடாது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான்.

மச்சினனை வேலைக்குச் சேர்த்ததும் நான்தான். நல்ல பையன். என் மனைவிக்குத் தம்பி என்பதைவிட மூத்த பிள்ளை. ஆனால் புழுக்கம் என்று தொட்டி மூடியைத் திறந்து போட்டுவிட்டு அரட்டைக்குப் போய்விடுவான். மூட்டைகள் கல்லாகத் திரும்பி வந்தன. முதலாளி எல்லோர் முன்னிலும் என்னைத்தான் நிற்கவைத்துக் கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மச்சினன் என் தோளைத் தட்டினான்.

"மாவுதானே மாமா, இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு. கட்டியானா தட்டி உடைச்சுட்டுப் போறேன்."

மறுநாள் காலை மரச்சுத்தியலோடு இறங்கினான். சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. திறந்த மூடி வழியாக ஈரம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"ஏறி வாடா, மூடணும்."

"இருங்க மாமா, பாதிதான் ஆச்சு."

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். சிரித்தான். ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

சட்டையை எடுத்து மடித்து வைத்தேன். மூடியை இறுக்கினேன். சக்கரத்தைத் திருப்பினேன்.

உள்ளிருந்து தட்டினான். தட்டினால் சுவரில் ஒட்டிய மாவு நன்றாக இறங்கும், அதனால் தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, தம்பி எங்கே என்றாள். "வேலையா இருக்கான்" என்றேன். அது பொய்யில்லை. அவனுக்கென்று கொண்டுவந்ததை ஆறாமல் மூடி வைத்துவிட்டுப் போனாள்.

நீங்கள் தொட்டியைத் திறக்கச் சொன்னபோது பார்த்தீர்களே, மாவு மணலாகக் கொட்டியது. ஒரு கட்டி இல்லை. அவன் கண்ணுக்குக் கீழே மட்டும் கன்னத்தோடு கெட்டியாகப் பிடித்திருந்தது. அதைத் தயவுசெய்து வாக்குமூலத்தில் என் பேரில் எழுதாதீர்கள், ஐயா. அந்த ஈரம் நான் விட்டதில்லை.