இரண்டு பக்கமும் ஒரே சத்தம்

"கணீர்னு கத்துனா நம்பிராதீங்கக்கா, அது சோடா மூடியாத்தான் இருக்கும்."

சித்தையன்கோட்டையிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்துகிற மெட்டல் டிடெக்டர், வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கப் போவது, சொன்னவள் மடியில் இருந்தது.

"அப்ப தங்கத்த எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ஒரே எடத்துல நெடுக்கயும் குறுக்கயும் ஆட்டிப் பாக்கணும். குப்பைன்னா ஒரு பக்கம் கத்தும், மறுபக்கம் சத்தம் ஒடையும். இது மெதுவாத்தான் கத்துச்சு, ஆனா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல. தோண்டுனா, மாமியா தோடு."

"நீ எடுத்துட்டேன்னு சொன்னாங்களே, அதுவா?"

"அதேதான். பூக்காட்டுலதான் கெடந்திருக்கு. கொண்டுபோயி அவங்க கையில குடுத்தேன். வாங்கித் தொடச்சுக் காதுல போட்டாங்க. பெறகு, 'சாப்டியா'ன்னு கேட்டாங்க. ஆறு வருசமா என்கிட்ட கேக்காத கேள்விக்கா."