ஒன்பதாம் எண்ணின் இடது குழல்

இந்த மின்விசிறி மூன்று சுற்றுக்கு ஒரு தடவை முனகுகிறது, கவனித்தீர்களா? மேலே ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. ஏணியும் திருப்புளியும் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. இருக்கட்டும், பிறகு பார்க்கலாம். என்னை யாரும் இழுத்து வரவில்லை, நானே இந்தக் காவல் நிலையத்துக்கு நடந்து வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மனச்சாட்சி உறுத்தியது என்றும் எழுதலாம். அப்படித்தானே எழுதுவது வழக்கம்.

நான் வங்கியின் தலைமை அலுவலகத்தில் துப்பாக்கி அறைப் பொறுப்பாளன். இருபத்தொரு வருடம் ஆகிறது. தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை. கதவுக்கு இரண்டு பூட்டு. உள்பூட்டின் சாவி என்னிடம், வெளிப்பூட்டின் சாவி மேலாளரிடம். காலையில் நான் உள்ளே போனதும் அவர் வெளியே பூட்டுவார். மாலை ஆறு மணிக்குத் திறப்பார். நடுவில் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் மணியை அடித்துவிட்டு, அவருடைய கூட்டம் முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். துப்பாக்கி திருடு போகக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. உள்ளே இருக்கிற ஆள் என்ன ஆவான் என்பதைப் பற்றி விதியில் ஒரு வரிகூட இல்லை.

முதல் வருடம் கதவைத் தட்டியிருக்கிறேன். சும்மா, யாராவது பதில் தட்டுவார்களா என்று பார்க்கத்தான். பிறகு விட்டுவிட்டேன்.

சுவரில் பன்னிரண்டு இரட்டைக் குழல் துப்பாக்கிகள். காவலர்கள் காலையில் கம்பி ஜன்னல் வழியாகப் பித்தளை வில்லையை நீட்டுவார்கள். வில்லையில் என்ன எண்ணோ அந்தத் துப்பாக்கியை எடுத்து, மணல் பெட்டிக்குள் குழலை நுழைத்து, நானே இரண்டு தோட்டா போட்டுக் கொடுப்பேன். மாலையில் வாங்கி, தோட்டாவை எடுத்துவிட்டு, துடைத்து மாட்டுவேன். இவ்வளவுதான் வேலை.

பன்னிரண்டையும் ஒரே மாதிரிதான் துடைத்தேன். ஆனால் பாசம் அப்படிச் சமமாகப் பிரிந்து போவதில்லை. சில துப்பாக்கிகள் வேலை செய்யும், அவ்வளவுதான். நாலாம் எண்ணும் ஏழாம் எண்ணும் ஒரு குறையும் இல்லாதவை. நான் செத்தால்கூட அவற்றுக்குத் தெரியாது. ஒன்பதாம் எண் வேறு மாதிரி. அதன் பின்கட்டையில் ஒரு விரிசல் இருந்தது, நான்தான் செப்புக் கம்பியால் தைத்தேன். கட்டையில் கன்னம் படுகிற இடம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். விளக்கை அணைத்துவிட்டுத் தடவினாலும் இதுதான் ஒன்பது என்று சொல்லிவிடுவேன். நான் இல்லாவிட்டால் இது இல்லை என்று தெரிகிற பொருள் மீதுதான் மனிதனுக்கு ஒட்டுதல் வருகிறது. எனக்கு வந்தது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலித் துப்பாக்கியைத் துடைத்துவிட்டுத் தரையில் ஊன்றினேன். உள்ளே டக் என்று ஒரு சத்தம். இடது குழலின் தோட்டாவை உதைக்கிற குதிரை, யாரும் விசையைத் தொடாமலே விழுந்திருந்தது. பத்துத் தடவை ஊன்றிப் பார்த்தேன், மூன்று தடவை விழுந்தது. அந்தப் பாகத்தை இப்போது யாரும் செய்வதில்லை. விதிப்படி நான் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுத வேண்டும். எழுதினால் எடுத்துப் போய் வாயுச் சுடர் வைத்து மூன்று துண்டாக வெட்டுவார்கள். நான் நீல மையால் ‘நல்ல நிலை’ என்று எழுதினேன். ஒவ்வொரு வருடமும் அதையே எழுதினேன்.

என்னைப் பொறுப்பில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றிலிருந்து ஒன்பதாம் எண்ணின் இடது குழலில் மட்டும் சுட்டு முடித்த காலித் தோட்டாவைத்தான் போட்டுக் கொடுத்தேன். குதிரை விழுந்தாலும் வெறும் டக்தான். வாங்கிப் போகிற காவலருக்கு இது தெரியாது. பன்னிரண்டு வருடம் ஓர் எறும்புக்குக்கூடத் தீங்கு வந்ததில்லை.

என் மனைவியின் தம்பிக்கு நான்தான் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தேன். வேலையில்லாமல் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வருடம் படுத்துக் கிடந்தான். அவள் நச்சரித்தாள், நான் மேலாளரிடம் சொன்னேன். நல்ல பையன். கொஞ்சம் வாய் நீளம். கூட வேலை பார்த்தவர்கள் அவனை ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள், அவ்வளவு உயரம். முந்தைய ஆள் ஓய்வு பெற்றிருந்ததால் ஒன்பதாம் எண் வில்லை அவனுக்கு வந்தது. என்ன மாமா, தாத்தா காலத்து உலக்கையைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

அவனுக்கு ஒரு பழக்கம். மதிய நேரத்தில் கூட்டம் குறைந்ததும் முக்காலியில் உட்கார்ந்து, துப்பாக்கியைக் கால்களுக்கு நடுவில் ஊன்றி, குழல்வாய் மேல் இரண்டு கைகளையும் அடுக்கி, அதன் மேல் மோவாயை வைத்துக்கொள்வான். கழிப்பறைக்குப் போகிற வழியில் பார்த்து, நான் இரண்டு மூன்று முறை கண்டித்திருக்கிறேன். கேட்டால்தானே.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் முகம் வெளுத்திருந்தது.

“மாமா, சும்மா கீழ ஊனினேன். இடது பக்கம் தானா விழுந்துடுச்சு. தோட்டா நமத்துப் போயிருந்ததால பொழச்சேன்.”

கொடு பார்க்கலாம் என்றேன். அவனுக்கு என் மேல் கோபமில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. வியாழக்கிழமை வருடாந்திர ஆய்வாளர் வருகிறார், நானே அவரிடம் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குக் கெட்ட பெயர் வராமல் பேசுகிறேன் என்றான். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ரகசியம் மாதிரி ஒன்று சொன்னான்.

“பழைய துப்பாக்கி எல்லாத்தையும் மாத்திட்டு மேல இரும்புப் பெட்டி வெச்சுடுவாங்களாம் மாமா. நம்பர் பூட்டு. உங்கள இப்படி உள்ள வெச்சுப் பூட்டவே வேணாம். நீங்களும் வெளிய வந்து எங்களோட உக்காரலாம்.”

அவன் சந்தோஷமாகச் சொன்னான். எனக்கு ஒன்பதாம் எண் மூன்று துண்டாகக் கிடப்பதுதான் கண் முன்னால் வந்தது. வெளியே வந்து நான் யாரோடு உட்கார்வது, என்ன பேசுவது? பன்னிரண்டு வருடக் கையெழுத்து மாட்டிக்கொள்ளும், வேலை போகும் என்று பயந்துதான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அதைப் பற்றியும் யோசித்தேன், ஆனால் அது பெரிதாகத் தோன்றவில்லை.

மறுநாள் புதன்கிழமை. காலையில் அவன் ஜன்னலுக்கு வந்ததும், சரி பண்ணிட்டேன் மாப்ள, இனிமே விழாது என்றேன். அவன் கண் முன்னாலேயே காலித் துப்பாக்கியைத் தரையில் இரண்டு முறை ஊன்றிக் காட்டினேன். விழவில்லை. பத்துக்கு மூன்று தடவைதானே விழும். அவன் முகம் தெளிந்துவிட்டது. இருந்தாலும் நாளைக்கு ஆய்வாளர் காதில் போட்டு வைக்கிறேன், உங்கள் நல்லதுக்குத்தான் என்றான். சரி என்றேன். மணல் பெட்டியில் குழலை நுழைத்து, தோட்டா போட்டுக் கொடுத்தேன்.

மதியம் ஒன்றே முக்காலுக்கு மேலே சத்தம் கேட்டது. கூரை வழியாகக் கேட்டதால் பெரிதாக இல்லை, யாரோ மேசையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. பிறகு ஓடுகிற கால்கள். நான் மணியை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். நாற்பது நிமிடம் யாரும் வந்து திறக்கவில்லை. மேலே பளிங்குத் தரை. அதில் விழுந்தால் தைத்த கட்டை மறுபடி விரிந்துவிடுமே என்ற கவலை எனக்கு.

உங்கள் ஆட்களின் விசாரணை ஒரே வாரத்தில் முடிந்தது. என் பதிவேட்டைப் புரட்டினார்கள். இத்தனை வருடம் நல்ல நிலையில் இருந்த ஆயுதம் திடீரெனப் பழுதாகி விபத்து நேர்ந்தது, யார் மீதும் குற்றமில்லை என்று எழுதினார்கள். என் மனைவி சாப்பிடவில்லை, தூங்கவில்லை. எட்டாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. நீங்க என்ன பண்ணியிருக்க முடியும்? உங்களத்தான் உள்ள வெச்சுப் பூட்டியிருந்தாங்களே.”

ஆமாம் என்றேன். அவள் அழுதபோது எனக்கும் அழுகை வந்தது. அவனை எனக்குப் பிடிக்கும், அது பொய்யில்லை.

அன்று காலை இடது குழலில் நான் காலித் தோட்டாவைப் போடவில்லை. நல்ல தோட்டாவைப் போட்டேன். தெரிந்துதான் போட்டேன். அவன் எப்படி உட்காருவான் என்பதும் தெரியும். இதைத் தனி வரியில் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். நேற்று வங்கிக்கு ஒரு கடிதம் வந்தது. விபத்துக்குக் காரணமான பழுதான ஆயுதத்தை வரும் வெள்ளிக்கிழமை வெட்டி அழிக்க உத்தரவு. பழி முழுவதையும் அதன் தலையில் போட்டுவிட்டார்கள். அது என்ன செய்தது? சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தது. ஆனால் கொலை என்றால் அது சான்றுப் பொருள் ஆகிவிடும், இல்லையா? வழக்கு, மேல்முறையீடு எல்லாம் முடிகிறவரை யாரும் அதைத் தொடக்கூடாது. பத்து வருடமாவது ஆகும் என்று விசாரித்துக்கொண்டுதான் வந்தேன்.

என்னை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். பூட்டிய அறை எனக்குப் பழக்கம்தான். அதை மட்டும் ஈரம் படாத இடத்தில் வையுங்கள், வாரத்துக்கு ஒருமுறை யாரையாவது எண்ணெய் போடச் சொல்லுங்கள். பாவம், அதற்குத் தனியாக இருந்து பழக்கமில்லை.