பானைக்கு ரெண்டு நேரத் தண்ணி

தேங்காய்ப்பூவை மூண்டு தரம் பிழியலாம், சுவாமி. ரெண்டு தரத்தோட சக்கையை எறியிற ஆக்கள் வசதியான ஆக்கள். மூண்டாம் பால் வெறும் தண்ணிதான், ஆனால் அதில கொஞ்சம் வெந்தயமும் ரெண்டு பச்சைமிளகாயும் போட்டால் சொதி எண்டு ஆரும் நம்புவினம். சக்கையையும் நான் எறியிறதில்லை. காய வைச்சு, வறுத்து, உப்பும் செத்தல்மிளகாயும் சேர்த்து இடிச்சால் காலமைப் புட்டுக்குச் சம்பல்.

நேற்றுப் பூசை முடிய நீங்கள் என்னைக் கூப்பிட்டு, வாற ஞாயிறு மாதர் கூட்டத்தில வீட்டுச் செலவைக் குறைக்கிறதைப் பற்றிக் கொஞ்சம் கதையுங்கோ எண்டு கேட்டனீங்கள். விலைவாசி ஏறி எல்லாரும் முழி பிதுங்கி நிக்கினம், மார்கிறட் அக்காவைக் கேட்டால் வழி சொல்லுவா எண்டு சனம் சொன்னதாம். சனம் சொன்னது சரி. ஆனால் நீங்கள் இந்தக் கோவிலுக்கு வந்து ஒரு வருசம்தான், என்ர சிக்கனம் முழுக்க உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான். பாவசங்கீர்த்தனம் இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ள போக வேண்டாம், இப்பிடிக் கதிரையில இருந்தே கதைப்பம்.

ரெண்டாயிரத்து இருபத்திரண்டில மண்ணெண்ணெய் இல்லாமல் போட்டெல்லாம் கரையில ஏறிக் கிடந்ததே, அப்பதான் தொடங்கினது. என்ர மனுசன் ஸ்ரனிஸ்லஸ் ஒரு நாள் கடலுக்குப் போறதுக்கு நாலு நாள் வரிசையில நிப்பார். நான் காஸ் சிலிண்டரைக் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போட்டு, தென்னமட்டையும் தேங்காய்ப் பொச்சும் பொறுக்கி அடுப்பெரிச்சன். சோத்துப் பானை நல்லாய்க் கொதிச்ச உடன இறக்கி, பழைய சாக்கால சுத்தி வைப்பன். அது தன்ர சூட்டிலயே வேகும். சவுக்காரக் கட்டியை நூலால நாலாய் அறுப்பன். பிளேன்ரீக்குச் சீனி உள்ளங்கையில, நக்கிக் குடிக்கிறது. மத்தியானம் சோறு, இரவைக்கு மரவள்ளி. பெண்டுகள் வந்து பாத்துக் கேட்டுக்கொண்டு போவினம். ஆத்தில போட்டாலும் அளந்து போட வேணும் எண்டு என்ர அம்மா சொல்லுவா. நான் அளக்கத் தெரிஞ்சவள்.

அப்ப எங்கட வீட்டில மூண்டு பேர். மூண்டாவது ஆள் பிறின்சி, இவற்ற தங்கச்சி. சண்டை முடிஞ்ச வருசம் தாயும் தேப்பனும் ஒரே செல்லடியில செத்துப் போச்சினம். இவருக்கு இருபத்திரண்டு வயசு, அவளுக்குப் பத்து. அவளைத் தோளில வைச்சுக்கொண்டு நந்திக்கடல் தண்ணிக்குள்ளால நடந்து வந்தவர். நான் கலியாணம் கட்டி வந்த பிறகு இந்தக் கதையை எத்தினை தரம் கேட்டிருப்பன் எண்டு தெரியாது. நானும் அந்தத் தண்ணிக்குள்ளால வந்தவள்தான். என்னை ஒருத்தரும் தூக்கேல்லை.

கலியாணம் முடிஞ்சு ஆறு மாசத்தில அவளுக்குச் சீனி வருத்தம் எண்டு கண்டுபிடிச்சினம். வயசு போன ஆக்களுக்கு வாறது இல்லை, சின்னனில வாறது. உயிருள்ள மட்டும் ரெண்டு நேரமும் இன்சுலின் ஊசி போட வேணும். ஊசி இல்லாட்டி ஆள் இல்லை எண்டு டொக்டர் சொல்லேக்க நானும் பக்கத்தில நிண்டனான். அதை நான் ஒரு நாளும் மறக்கேல்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை எண்டு ஊர் சொல்லும். எனக்குத்தான் இல்லை, சுவாமி. அவருக்கு ஒண்டு இருந்தது.

சீனி வருத்தக்காரருக்குக் காலில புண் வந்தால் ஆறாது, ஒவ்வொரு நாளும் பாருங்கோ எண்டு கிளினிக்கில நேர்ஸ் சொல்லிவிட்டவா. அண்டையில இருந்து இவர் பின்னேரம் முகம் கழுவினதும், அவளைக் கதிரையில இருத்தி, தான் நிலத்தில இருந்து, ரோச் லைற் அடிச்சு அவளின்ர விரலிடுக்கு எல்லாம் பாப்பார்.

"இதென்ன கீறல்?"

"நுளம்பு கடிச்சது அண்ணா."

"சொறியாதை, பிள்ளை."

கிட்டத்தட்ட ஒன்பது வருசம் நான் குசினி வாசலில இருந்து இதைப் பாத்தனான். என்ர குதி ரெண்டும் பாளம் பாளமாய் வெடிச்சுக் கிடக்கும். மீன் கழுவேக்க உப்புத் தண்ணி பட்டால் உயிர் போகும். ஒருக்கால் நான் காலை நீட்டிக் காட்டினனான். "வெடிப்புத்தானே, தேங்காயெண்ணெய் பூசும்" எண்டுபோட்டு எழும்பிப் போனவர். தேங்காயெண்ணெய் அப்ப விக்கிற விலைக்கு நான் பூசேல்லை. எரிஞ்சது குதி மட்டும் இல்லை எண்டு உங்களுக்கு விளங்கும். பொறாமைதான். அதை நான் ஒளிக்கேல்லை.

எல்லாத்தையும் குறைச்ச வீட்டில அவளின்ர முட்டையை மட்டும் குறைக்கக் கூடாது. "எனக்குக் குறைச்சுப் போடும், நீரும் குறைச்சுத் தின்னும், பிள்ளையின்ர கோப்பையில கை வைக்காதையும்" எண்டு எனக்குக் கட்டளை. அவள் அந்த முட்டையைப் பாதியாக்கி என்ர கோப்பையில வைப்பாள். "நீங்களும் தின்னுங்கோ மச்சாள்" எண்டுவாள். நல்ல பிள்ளை, நான் இல்லை எண்டு சொல்ல மாட்டன். ஆனால் என்ர புருசன் உழைச்ச முட்டையில அவள் எனக்குப் பங்கு போடுறாள் எண்டு நினைச்சால் அது தொண்டையால இறங்காது. நான் திருப்பி வைச்சால் அவர் அதையும் கண்டு, "பாரும், அவளுக்கு எவ்வளவு நல்ல மனம்" எண்டு அவளைத்தான் சொல்லுவார்.

தேத்தண்ணி ஆறுது, சுவாமி. குடியுங்கோ, வீணாக்கக் கூடாது.

பிறிட்ஜ் கதைக்கு வாறன். சூடு பட்டால் இன்சுலின் பழுதாப் போகும் எண்டு, அவளின்ர மருந்து வைக்கவெண்டே இவர் வாங்கின பழைய பிறிட்ஜ் அது. கறண்ட் பில் கூடினாப் பிறகு, வீட்டுக் கறண்டில முக்கால்வாசியை அதுதான் குடிக்குது எண்டு நான் சொன்னன்.  இவர் போய்க் கிளினிக்கில கேட்டுக்கொண்டு வந்தார். பிறிட்ஜ் இல்லாத ஆக்கள் மண்பானையில வைக்கினமாம். பெரிய பானைக்குள்ள சின்னப் பானை, இடையில மணல். மணலுக்கு ரெண்டு நேரமும் தண்ணி ஊத்தி, நிழலில வைச்சால் உள்ளுக்குக் குளிராய் இருக்குமாம். இவரே பிறிட்ஜை நிப்பாட்டிப்போட்டு, புதுக்குடியிருப்புக்குப் போய்ப் பானை வாங்கி, மணல் அரிச்சுப் போட்டு, வேப்பமரத்துக்குக் கீழ வைச்சவர்.

"காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. அவள் மறந்திடுவாள். நீர்தான் பொறுப்பு" எண்டவர். பிறகு சொன்னவர், "நீர் கெட்டிக்காரி. நீர் இல்லாட்டி இந்தக் குடும்பம் எப்பவோ மூழ்கியிருக்கும்." அண்டைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லேலாது. ஒரு மாசம் வாளி தூக்கித் தண்ணி ஊத்தினன், ஒரு நேரம் தவறேல்லை. ஆனால் அவர் கடலால வந்தால் என்னைப் பாக்கிறதுக்கு முன்னம் பானைக்குத்தான் போவார். மணலில கையை வைச்சுப் பாத்திட்டுத்தான் குடிக்கத் தண்ணி கேப்பார். சொன்னால் சிரிப்பியள், எனக்கு அந்தப் பானையிலயும் பொறாமை வந்தது.

இருபத்துமூண்டாம் ஆண்டு தவக்காலம் தொடங்க இவர் கொக்கிளாய்ப் பக்கம் கடற்கரையில வாடிக் கொட்டில் போட்டுத் தங்கித் தொழிலுக்குப் போனவர். சனிக்கிழமை பின்னேரம் வந்து, ஞாயிறு பூசை கண்டிட்டுத் திரும்பிடுவார். முதல் நாள் நான் உண்மையிலயே மறந்துதான் போனன். ரெண்டாம் நாள் நினைவு வந்தது. வாளியும் கையில இருந்தது. கொஞ்ச நேரம் நிண்டு யோசிச்சுப்போட்டு, அந்தத் தண்ணியை வாழைக்கு ஊத்தினன்.

ஆடு முட்டிப்போடும் எண்டு பானையைத் தூக்கிக் குசினிக்குள்ள, அடுப்புச் சுவரோட வைச்சன். மேல தகரம். பங்குனி வெயில் உங்களுக்குத் தெரியும். புகைக்குப் பிறின்சி இருமுவாள் எண்டு, ஊசி நேரத்துக்கு நானே போத்திலை எடுத்துக் குடுப்பன். குடுக்க முன்னம் வாளித் தண்ணியில ஒருக்கால் தோய்ச்சு எடுப்பன். அவளின்ர கைக்குக் குளிராய் இருக்க வேணுமெல்லே. சனிக்கிழமை மத்தியானம் பானையை வேப்பமரத்துக்குக் கீழ கொண்டுபோய் வைச்சு, நிறையத் தண்ணி ஊத்துவன். இவர் வந்து கையை வைச்சுப் பாப்பார், அவருக்குத் திருப்தியாய் இருக்கும்.

சீனி அளவு பாக்கிற மிசினுக்கு வைக்கிற துண்டு அப்ப நெருப்பு விலை. கிழமைக்கு ரெண்டு தரம் பாத்ததை ஒரு தரமாக்கி, பிறகு விட்டன். அவள் மறுக்கேல்லை. "என்னாலதானே மச்சாள் இவ்வளவு செலவு" எண்டுதான் சொன்னவள். அந்த மாசக் கிளினிக்குக்கும் நான் தனிய அவளின்ர கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் மருந்தை எடுத்துக்கொண்டு வந்தன். ரெண்டு பேர் பஸ்ஸில ஏன் மினக்கெட வேணும்? புது மருந்தும் அந்தப் பானைக்குள்ளதான் போனது.

ஒரு நாள் போத்திலை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்திட்டு, "மச்சாள், உள்ளுக்கு மாக்கட்டி ஒட்டின மாதிரிக் கிடக்கு, இதைப் போடலாமோ?" எண்டு கேட்டவள்.

"உருட்டிப்போட்டுப் போடு. அதைக் கொட்டிப்போட்டு இந்த விலைக்கு அண்ணா வெளியில வாங்கிறதோ?"

அண்ணா எண்ட உடன போட்டிட்டாள். அவளுக்கும் அவரெண்டால் உயிர். அதுவும் எனக்குத் தெரியும்.

பிறகு தண்ணி விடாய் தொடங்கினது. செம்பு செம்பாய்த் தண்ணி குடிப்பாள், குடிச்சு முடியாமல் திரும்பக் கேப்பாள். நான் ஒருக்காலும் முகம் சுழிக்கேல்லை. அவள் கேட்ட தண்ணி எல்லாம் நான்தான் கிணத்தில அள்ளிக் குடுத்தனான். கன்னம் ரெண்டும் ஒட்டிப் போச்சு. சனிக்கிழமை இவர் வந்து காலைப் பாத்திட்டு, "ஏன்டி இப்பிடி மெலிஞ்சு போனாய்?" எண்டார். "தவக்காலமெல்லே, ஒரு நேரச் சாப்பாட்டோட ஒருசந்தி பிடிக்கிறாள்" எண்டு நான் சொன்னன். இந்த வருத்தத்தோட ஒருசந்தியோ எண்டு அவளைப் பேசினார். அவள் ஒருசந்தி பிடிக்கேல்லை. என்னை ஒருக்கால் நிமிந்து பாத்தாள், பேச்சை வாங்கிக்கொண்டாள். அண்ணன் கவலைப்படக் கூடாதெண்டு நான் சொல்லுற பொய் எண்டு நினைச்சிருப்பாள்.

பெரிய கிழமை புதன் முழுக்க வயித்தில ஒண்டும் தங்காமல் சத்தி எடுத்தாள். மூச்சு இழுத்து இழுத்து விட்டாள், வாயில பழுத்த பழ மணம். "மச்சாள், அண்ணாவுக்கு ஒரு போன் எடுங்கோ" எண்டு ரெண்டு தரம் கேட்டவள். பெரிய வியாழனுக்கு விடிய வந்திடுவார்தானே, ஏன் காசை வீணாக்குவான் எண்டு சொன்னன். வியாழன் காலமை இவர் வந்த சத்தம் கேக்க முன்னம், நான் பானையை மரத்தடியில வைச்சுத் தண்ணி ஊத்திப்போட்டன். இவர் அவளைத் தோளில தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினவர், அந்த நந்திக்கடல் கதையில தூக்கினது போலத்தான். நான் ஓட்டோவில பின்னுக்கு ஏறினன்.

ஊசி ஒழுங்காய்ப் போட்டதோ எண்டு ஆசுபத்திரியில டொக்டர் கேட்டார். ரெண்டு நேரமும் போட்டது எண்டு நான் சொன்னன், அது பொய் இல்லை. மருந்தை எப்பிடி வைச்சிருந்தனீங்கள் எண்டு கேட்டார். அதுக்கு இவர்தான் மறுமொழி சொன்னவர். "மண்பானையில. என்ர மனுசி ஒரு நேரம் தவற விடாமல் தண்ணி ஊத்திறவ, டொக்டர்." எனக்காக அவர் ஒரு ஆளுக்கு முன்னால கதைச்சது அதுதான் முதல் தரம்.

வெள்ளிக்கிழமை அவள் செத்தாள். பெரிய வெள்ளி எண்டபடியால் கோவிலில சாவுமணியும் அடிக்கேல்லை.

நான் ஆரையும் கொல்லேல்லை எண்டுதான் ரெண்டு வருசமாய் எனக்கு நானே சொல்லுறன். கொல்லுறதெண்டால் ஏதாவது செய்ய வேணும், நான் ஒண்டும் செய்யேல்லை, செய்யிற ஒண்டை விட்டனான். தவக்காலத்தில எல்லாரும் ஒண்டை விடுறவைதானே. ஆனால் உங்களுக்கு முன்னால இருந்து சொல்லேக்க அது சரியாய் வருகுதில்லை. பிறின்சியைச் சாக விட்டது நான்தான், சுவாமி. தெரிஞ்சுதான் செய்தனான்.

எல்லாத்தையும் குறைச்சுக்கொண்டு போனால் கடைசியில அவர் எனக்கு மிஞ்சுவார் எண்டு நினைச்சனான். வீட்டுச் செலவு இப்ப பாதி. முட்டை வாங்கிறதில்லை. அவர் பின்னேரம் வந்து முகம் கழுவிப்போட்டு, அந்தக் கதிரைக்கு முன்னால நிலத்தில இருப்பார். ஒரு நாள் நான் போய் அந்தக் கதிரையில இருந்து காலை நீட்டினனான். அவர் எழும்பி வெளியில போட்டார்.

அதால ஞாயிற்றுக்கிழமைக்கு வேற ஆரையும் பிடியுங்கோ. நான் இப்ப போக வேணும், பொழுது சாயுது. பானையை அவர் எறிய விடேல்லை, வேப்பமரத்துக்குக் கீழதான் இருக்கு. உள்ளுக்கு ஒண்டும் இல்லை. ஆனாலும் வந்த உடன மணலில கையை வைச்சுப் பாத்து, "தண்ணி ஊத்தினீரோ?" எண்டு கேப்பார். ஒரு நாளைக்கு அவர் என்னோட கதைக்கிற கதை அது ஒண்டுதான். நான் ஓம் எண்டுவன். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, இந்த ரெண்டு வருசத்தில நான் ஒரு நேரம் தவற விடேல்லை, சுவாமி. கிணத்துத் தண்ணிதானே, அதுக்கென்ன செலவு.