சோறு மட்டும், செருப்பு வேண்டாம்

22 அக்டோபர் 2025, புதன்.

இன்றைய தவறு: ஒரு சுற்றுக்கு 2.91 லிட்டர் எண்ணெய் என்று எழுத வேண்டிய இடத்தில் 2.84 என்று எழுதிவிட்டேன். முப்பத்தோரு சுற்றில் இரண்டு லிட்டருக்கு மேல் குறையும். பந்தயத்துக்கு முன்பே கண்ணில் பட்டதால் கெடுதல் இல்லை.

மேடம், மாலை வகுப்பில் சேர்ந்த அன்றே அன்றாடத் தவறைக் குறிப்பேட்டின் தலைப்பிலும் மறுநாள் வேலையைக் கடைசியிலும் எழுதச் சொன்னீர்கள். ஒரு நாளும் தவறவில்லை. போன வாரம் ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தீர்கள்: "பூபதி, உங்கள் தவறுகளெல்லாம் ஏன் இவ்வளவு சின்னதாகவே இருக்கின்றன?" ஆறு நாளாக அதற்குப் பதில் யோசிக்கிறேன்.

பகலில் நான் டயர் பட்டறையில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வதைச் சொன்னதில்லை. கணினியில் நடக்கும் கார்ப் பந்தயத்தில் எங்களுக்கு ஓர் அணி உண்டு. மூன்றே பேர். சேலம் பயாஸும் பள்ளிபாளையம் மணிமாறனும் ஓட்டுவார்கள். நான் மல்லசமுத்திரத்தில் என் வீட்டில் உட்கார்ந்து எண்ணெய்க்கும் டயருக்கும் கணக்குப் பார்த்து அவர்கள் காதில் சொல்வேன்.

ஒரே பாதையில் இரண்டு வகை வண்டிகள் ஓடும். வேக வண்டிகளுக்குத் தனிப் பரிசு, எங்களுடையதைப் போன்ற மெதுவான வண்டிகளுக்குத் தனிப் பரிசு. வேக வண்டி பின்னால் வந்தால் ஒதுங்க வேண்டும். எப்படியும் ஒதுங்கத்தானே போகிறோம் என்று ஐம்பது மீட்டர் முன்பே பெடலிலிருந்து காலை எடுத்துவிடச் சொல்வேன். ஆறு மணி நேரத்தில் அதிலேயே மூன்று சுற்றுக்கான எண்ணெய் மிஞ்சும். அது என் கண்டுபிடிப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

மற்ற அணிகள் கேட்டால் புரியக் கூடாதென்று எங்களுக்குள் சில வார்த்தைகள் வைத்திருந்தோம். எண்ணெய் நிரப்பும் இடம் 'ஊடு'; எங்கள் பக்கம் வீட்டை அப்படித்தான் சொல்வோம். எண்ணெய் 'சோறு'. டயர் 'செருப்பு'. "ஊட்டுக்கு வா" என்றால் அந்தச் சுற்றின் முடிவில் உள்ளே திரும்ப வேண்டும்.

ஓட்டும்போது பயாஸ் போனை அணைத்துவிடுவான். தங்கையும் அத்தாவும், அதாவது அப்பாவும், இருக்கும் வீடு செவ்வாய்ப்பேட்டையில். ஸ்டியரிங், பெடல் எல்லாம் அஞ்சு ரோடு பக்கம் வாடகைக்கு எடுத்த மாடி அறையில். அவசரமென்றால் எனக்குப் போன் போடும்படி தங்கை கௌசியாவிடம் சொல்லி வைத்திருந்தான்.

செப்டம்பர் பதினான்காம் தேதி, மதியம் ஒன்று முதல் ஏழு வரை பந்தயம். உத்தி பார்க்க ஆள் தேடும் ஒரு பெரிய அணி அன்று கவனிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் மூன்று இடத்துக்குள் வரும் அணிகளின் கணக்குத் தாளை மட்டும் வாங்கிப் பார்ப்பார்களாம்.

4.42-க்குக் கௌசியாவிடமிருந்து செய்தி வந்தது. "அண்ணா, பயாஸ் அண்ணனை உடனே ஊட்டுக்கு வரச் சொல்லுங்க."

காரணம் எழுதவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கினேன்.

4.51-க்கு எண்ணெய் தீரும் நேரம். நான் சொன்னேன். "பயாஸ், ஊட்டுக்கு வா."

"வந்துட்டேன் மாப்ள. என்ன கொழம்பு?"

"சோறு மட்டும். செருப்பு வேண்டாம்."

"பழைய செருப்புலயே வெரட்டறியே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்று சிரித்தான். நூறு லிட்டர் நிரப்பினோம். டயர் மாற்றாததில் இருபது வினாடி மிச்சம். நான்காவதாக இருந்தவன் மூன்றாவதாக வெளியே வந்தான்.

ஆக, அவள் சொல்லச் சொன்னதை நான் சொன்னேன். வார்த்தை மாறாமல் சொன்னேன். அவனும் வந்தான். அப்படியும் இதை எழுதலாம்.

5.10-க்கு அடுத்தது. "அத்தாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டோம். அண்ணன் பேரையே சொல்றாங்க." அதற்குப் பிறகு நான்கு அழைப்புகள். போன் அதிர்வு கவனத்தைக் கலைத்ததால் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

5.59-க்கு அவன் மறுபடி உள்ளே வர வேண்டும். அங்கே ஆள் மாற்றலாம். மணிமாறன் தன் வீட்டில் தயாராக இருந்தான்.

"ஏனுங்க பூபதி, நான் ஏறட்டுங்களா?"

மணிமாறன் சுற்றுக்கு இரண்டு வினாடி மெது. முப்பத்தோரு சுற்றுக்கு அறுபத்திரண்டு வினாடி. மூன்றாம் இடம் ஆறாவதாகிவிடும். "வேண்டாங்க, அவனே ஓட்டட்டும்" என்றேன்.

என் கணக்குத் தாளில் கடைசிக் கட்டம் 'தாங்குமா?' என்பது. நான்கு டயருக்கும் தேய்மானம் பார்த்து அதில் எழுதுவேன். அன்று நான்கு வரிக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தேன். ஏழுக்குப் பந்தயம் முடியும். அறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு நிமிடம். மூன்று நிமிடம் கையிருப்பு. அந்த வரி இன்னும் அழியாமல் இருக்கிறது: "ப. அத்தா. 7.15 வரை. தாங்கும்."

அவர் பெயர் சைபுல்லா. அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "டயர்காரத் தம்பி வந்திருக்கு, சாப்பாடு எடுத்து வைங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். 6.25-க்கு இறந்துபோனார்.

நாங்கள் மூன்றாவதாக வந்தோம். பயாஸிடம் 7.02-க்குச் சொன்னேன். இப்போதுதான் செய்தி வந்தது என்றேன்.

நானும் பேருந்து பிடித்துப் போனேன். வாசலில் கூட்டத்துக்கு நடுவே அவன் தங்கையிடம் கேட்டுக்கொண்டிருந்தான். "ஒரு போன் போடத் தெரியாதா உனக்கு? என்ன புடுங்கிட்டிருந்த?"

"போட்டேன்ணா. நாலு தடவை போட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்களுக்கு வரலீங்களா?"

"லேட்டாத்தாம்மா வந்துச்சு. நெட்டு இல்ல."

நெட் இல்லாமல் ஆறு மணி நேரம் அவன் காதில் எப்படிப் பேசிக்கொண்டிருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கௌசியா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவள்தான் தாமதித்துவிட்டாள் என்று பயாஸ் அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை. என்னோடு தினமும் பேசுகிறான். "நீ ஒருத்தன்தான் மாப்ள அன்னிக்குச் சரியா இருந்த" என்கிறான். வரும் ஞாயிறு மறுபடி ஓட்டுகிறான். மேலே எழுதிய 2.91 அதற்கான கணக்குதான்.

அந்தப் பெரிய அணி தாளைக் கேட்டது. ஐந்தாவது வரியை நீக்கிவிட்டு ஒரு பிரதி அனுப்பினேன். பதில் வரவில்லை. வந்திருந்தால் இதை எழுதியிருப்பேனா என்று யோசித்தேன். எழுதியிருக்க மாட்டேன் என்றே தோன்றுகிறது.

ஆகவே இன்றைய தவறு 2.84 அல்ல. செய்திகளை வந்த நிமிடத்திலேயே படித்தேன், இரண்டையும். புரிந்துதான் படித்தேன். ஊடு என்றால் எந்த ஊடு என்று எனக்குத் தெரியும்.

நாளைய வேலை: பயாஸின் அத்தாவுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா, இறந்தவருக்கான ஓதல். 6.40 பேருந்தில் சேலம். திருத்தாத தாளையும் போனையும் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் கௌசியாவிடம் காட்ட வேண்டும். அடுத்து, அவளை வைத்துக்கொண்டே பயாஸிடம். அவர்கள் சோறு போடுவதற்கு முன்னால்.