ஏழாவது கோரிக்கை

— இல்ல ரெஜிலா, உட்காரல்ல. நின்னபடியே சொல்லிட்டுப் போயிருதேன்.

— ஈஸ்வரமூர்த்தி சாரே, லீவு நாள்ல ராஜாக்கமங்கலம் வரைக்கும் பஸ் ஏறி வந்துட்டு நிக்கவா செய்யது? அந்த யூனிபாரம் துணிய ஓரமாத் தள்ளிட்டு இருங்க. இந்தச் சட்டைக் கைய மட்டும் வெட்டி முடிச்சிருதேன்.

— லைப்ரரி விஷயமாத்தான் வந்தேன். கல்வி அதிகாரிமாரு கூட பேச்சுவார்த்தை முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. போனை எடுப்பேன், உங்க பேரப் பாப்பேன், திரும்ப வச்சிருவேன்.

— வாத்தியாருமாரு சங்கத்துக்கு மாவட்டச் செயலாளர்லா. சோலி கிடக்கும்.

— சோலி ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூட வாசல்ல உங்களக் கண்டா வளைஞ்சு பின்வழியா போனேன். வகுப்புல உங்க மக ஜினிஷாகிட்ட ஒரு கேள்வி கூட கேக்கல்ல.

— அவளும் சொன்னா. சாருக்கு எம்மேல என்ன கோவம்னு கேட்டா.

— பேச்சுவார்த்தைக்கு எட்டு கோரிக்கை கொண்டு போனோம். ஏழாவதுதான் நம்மளுக்கது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு லைப்ரரி, அதத் திறந்து வைக்க ஒரு ஆளு. அத நான் அடிச்சிட்டேன்.

— அடிச்சிட்டேன்னா?

— பேனாவ வச்சு ஒரு கோடு. மத்தியானம் அந்த அதிகாரி சொன்னாரு, வாத்தியாருமாரு இடமாறுதல இன்னைக்கே முடிச்சுத் தாறேன், புதுசா ஆளெடுக்க வேண்டிய விஷயம் ஒண்ணு கூட இருந்தா எல்லாமே சேந்து கிடப்புல போயிரும், ஏழாவத எடுத்திருங்கன்னு. நம்ம மாவட்டத்துல இருந்து போன கோரிக்கை. அதனால தலைவருமாரு எல்லாம் என்னையப் பாத்தாவ.

— யோசிக்க நேரம் தரல்லயா?

— தந்தாவ. பத்து நிமிசம். வெளிய வந்து ஒரு சாயா குடிச்சேன். உங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

— சாரே, பெற்றோர் சங்கத் தலைவின்னு நான் தையல் மிஷின மூடிப் போட்டுட்டு பதினாலு பள்ளிக்கூடத்துக்குப் போனேன், லைப்ரரிக்குக் கையெழுத்து வாங்க. வாத்தியாருமாரு அவிய சம்பளத்துக்குத்தான் கொடி பிடிப்பாவ, உன்னைய எதுக்குட்டி கூட்டு சேக்காவன்னு அங்க உள்ள அம்மைமாரு கேட்டாவ. நான் சண்டை போட்டேன். இந்தத் தடவை பிள்ளையளுக்காக நிக்காவன்னு.

— கூட வாங்கன்னு கூப்பிட்டது நாந்தான். தெரியும். இன்னும் ஒண்ணு இருக்கு. அதச் சொல்லல்லன்னா இங்க வந்ததே கள்ளம்.

— சொல்லுங்க.

— என் வீட்டுக்காரி அழகியநாயகி ஆறு வருசமா கிருஷ்ணகிரியில டீச்சர். நான் இங்க, அவ அங்க. ஆயிரம் பேரு மாறுதலுக்குக் காத்துக் கிடக்காவ, அவியளுக்காகத்தான் அடிச்சேன்னு சங்கத்துல சொன்னேன். கை தட்டினாவ. ஆனா அந்தக் கோட்டப் போடும்போது எனக்கு ஆயிரம் பேரு நெனப்பு வரல்ல, ரெஜிலா. அவ ஒருத்தி நெனப்புதான்.

— இப்ப எங்க இருக்காவ?

— இங்க பக்கத்துல பூதப்பாண்டிக்கு மாறுதல் கிடைச்சு, போன வாரம் வந்துட்டா. ஆறு வருசம் கழிச்சு வீட்ல ஒண்ணா இருந்து சாப்பிடுதோம். எனக்குச் சோறு எறங்கல்ல.

— அவியகிட்ட சொன்னியளா?

— நேத்து சொன்னேன். ராஜாக்கமங்கலம் போய் அந்த அம்மாகிட்ட சொல்லிட்டு வாரது வரைக்கும் எங்கிட்டப் பேசாண்டாம்னுட்டா.

— அப்ப அவிய அனுப்பித்தான் வந்திருக்கிய.

— ஆமா. தன்னால வந்தேன்னு சொல்ல வாய் வரல்ல.

— இந்தத் தண்ணியக் குடிங்க.

— பெற்றோரு கூட்டம் எப்ப? எல்லாரு முன்னாலயும் எழும்பி நின்னு சொல்லுதேன். ஏசட்டும். கேட்டுக்கிடுதேன்.

— வேண்டாம்.

— நீங்க தடுக்காதீங்க. சொன்னாத்தான் எனக்கு ஒறக்கம் வரும்.

— உங்களுக்கு ஒறக்கம் வரும், சரி. கூட்டம் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு சாரே. ஒப்பந்தத் தாளு மறுநாளே எல்லாருக்க போன்லயும் வந்துட்டு. ஏழாவதுல கோடு, பக்கத்துல உங்க கையெழுத்து.

— அப்ப உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும். நீங்க எப்ப வந்து சொல்லுவியன்னு பாத்துட்டு இருந்தேன்.

— கூட்டத்துல என்னைய என்ன சொன்னாவ?

— உங்களைய ஒண்ணும் சொல்லல்ல. என்னையத்தான். தலைவி பொறுப்ப எங்கிட்ட இருந்து எடுத்துட்டாவ. இப்ப சண்முகவடிவு அக்கா.

— உங்களைய எதுக்கு? நீங்க என்ன தப்பு செஞ்சிய?

— நாந்தான் சாருக்குப் போன் போட்டு, லைப்ரரி இப்ப வேண்டாம், வெட்டிருங்கன்னு சொன்னேன்னு கூட்டத்துல சொல்லிட்டேன். பிள்ளையளு நாளைக்கும் உங்கள மதிச்சு உங்க வகுப்புலதான இருக்கணும், சாரே.