சேகரின் ரகசிய நம்பர்

வரிக் கணக்கு கொடுக்கிற நேரம். அடையாறிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயது நண்பர்கள் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் சந்தோஷமாகச் சொன்னார்: "சேகரு, உன் ஏடிஎம் ரகசிய நம்பரையும் அனுப்பிட்டேன்."

"யாருக்குடா?"

"வருமான வரி ஆபீசுக்கு. நேத்து பிரவுசிங் சென்டர்ல பாத்தா எனக்கு ஈமெயில் வந்து கீது. கட்டின வரியில பாதி திருப்பித் தராங்களாம். கார்டு நம்பர், ரகசிய நம்பர் கேட்டாங்க. நீயும் பொண்ணு கல்யாணத்த வச்சிக்கினு கஷ்டப்படறியே, உன்னோடதையும் சேத்துப் போட்டேன்."

"பணம் குடுக்கிறவனுக்கு, பணம் எடுக்கிற நம்பர் எதுக்குடா?"

சேகர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏடிஎம் மிஷினைப் பாத்து பயந்துகினு உன்னைப் பணம் எடுத்தாரச் சொன்னேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும். கல்யாணப் பணம் மொத்தமும் அதுலதான்டா கீது!"

பாண்டி பஜாரில் பஸ் நிற்பதற்குள் சேகர் குதித்து பேங்க் பக்கம் ஓடினார்.

ஜன்னல் வழியாக இவர் கத்தினார்: "டேய் சேகரு, உன் கார்டு என்கிட்ட கீதுடா!"

கத்தினாரே தவிர, இந்த மனுஷன் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.