நடுவில் மாட்ட வாங்கிய விளக்கு

சிங்கப்பூருக்கு இக்கரையில் உள்ள ஸ்கூடாயில் ஒரு விளக்குக் கடை. பணம் கட்ட வரிசையில் நின்றால் காது சும்மா இருக்குமா? எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒரே அறையில் வாடகைக்கு இருப்பவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஒருத்தி கையில் பிளக் வைத்த தொங்கும் விளக்கு, நீள வயரோடு. கண்ணாடி போட்ட மற்றவள் கால் மாற்றி மாற்றி நின்றாள்.

“உன் கட்டிலுக்கு மேலயே மாட்டிக்கடி, எனக்கு வேணாம்,” என்றாள் கண்ணாடிக்காரி.

“அலமாக், என்னடி இது! நடுவுல மாட்டலாம்னு நேத்து நீதானே சொன்ன?”

“நேத்து சொன்னேன் லா.”

“வீட்டுக்காரம்மா சுவத்துல ஓட்டை போடக் கூடாதுன்னாங்கன்னு, ஒட்டுற கொக்கியத் தேடி எடுத்ததும் நீதான். ட்யூப் லைட்டுல ரூமு ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு பொலம்புனதும் நீதான்.”

“வரிசை நகருது, போ.”

“உன் பேச்சே சரியில்ல. நீ எழுதிப் போட்ட சிங்கப்பூர் வேலை கெடச்சிருச்சா?”

கண்ணாடிக்காரி வயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“அடுத்த வாரம் போறேன். உங்கிட்ட சொல்ல வாய் வரல.”

கவுண்டரில் இருந்த பெண் கூப்பிட்டும் இருவரும் நகரவில்லை.

“அப்ப இத நீயே எடுத்துட்டுப் போ,” என்றாள் விளக்கை வைத்திருந்தவள். “அங்கயும் இதே மூணு கால் பிளக்குதான்.”

“அப்ப உனக்கு?”

“எனக்கு எதுக்குடி? இருட்டுன்னா பயப்படுறவ நீதானே.”